பசுமை எரிசக்தியை வெளியிலிருந்து வாங்கினால் செலவு குறையுமா?

ஒலுவிலில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பி தன் ஆய்வுக் கட்டுரைக்காகக் கேட்ட கேள்வி இது: "2050 இல் காபன் நிகர பூச்சியம் என்று இலங்கை சொல்லியிருக்கிறது. அதற்கு வேண்டிய எரிசக்தி முழுவதையும் இங்கேயே உற்பத்தி செய்வதா? அல்லது இந்தியாவிலிருந்து மின்சாரம், வெளிநாடுகளிலிருந்து பசுமை ஐதரசன், அமோனியா என்று வாங்குவதா? வாங்கினால் மொத்தச் செலவு எவ்வளவு குறையும்? ஐரோப்பாவுக்குச் செய்த ஆய்வின் முடிவு நமக்குப் பொருந்துமா?"

வாங்கினால் குறையும். ஆனால் பலரும் நினைக்கிற அளவுக்குக் குறையாது. எவ்வளவு வாங்குகிறோம் என்பதை விட, எதை வாங்குகிறோம், அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் காசு நிற்கிறது. பசுமை ஐதரசன் என்பது புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் நீரைப் பிரித்து எடுப்பது, அதோடு நைதரசன் சேர்த்தால் பசுமை அமோனியா. எரித்து மின்சாரம் எடுப்பதற்காக ஐதரசனும் அமோனியாவும் வாங்கினால் நட்டம். அதே பொருள் பசளையாகவோ இரும்பாகவோ கப்பல் எரிபொருளாகவோ வந்தால் இலாபம். கம்பி வழியாக வரும் மின்சாரம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இந்த முடிவுகள் கொழும்பில்தான் எடுக்கப்படும், ஆனால் அதன் விலையை நம் வயலும் மீன்வாடியும் அரிசி மில்லும் கட்டப்போகின்றன. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஒரு யூனிட் என்ன விலைக்கு வருகிறது என்று தொடங்கினால் கணக்கு முதல் வரியிலேயே பிழைத்துவிடும். மதியம் 12 மணி யூனிட்டுக்கும் இரவு 7 மணி யூனிட்டுக்கும் ஒரே பெறுமதி கிடையாது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். தொழிற்சாலையும் அலுவலகமும் பூட்டு, வெயிலோ கொளுத்துகிறது, வருகிற கரண்டை எடுக்க ஆள் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடு முழுவதும் இருண்டது. குரங்கு தொடக்கம் மட்டும்தான். ஞாயிறு என்பதால் தேவை குறைவு, சோலாரின் பங்கு அதிகம், அதிர்ச்சியைத் தாங்கும் பெரிய சுழல் இயந்திரங்கள் அந்த நேரம் குறைவு. ஓரிடத்துக் கோளாறு நாடு முழுவதும் பரவியது அதனால்தான். இப்படிப் பகலில் மிஞ்சுகிற அதே நாட்டில்தான் சூரியன் மறைந்ததும் எண்ணெய் எரிக்கிறோம்.

ஆகவே நிகர பூச்சிய முறைமையின் (வெளிவிடும் காபனும் உறிஞ்சும் காபனும் சமமாகும் முறைமையின்) செலவு என்று சொல்லும்போது சோலார் தட்டின் விலையோடு நிறுத்த முடியாது. பற்றரி, உயர் அழுத்தக் கம்பி, வருடத்தில் சில கிழமை மட்டும் ஓடுவதற்காகச் சும்மா நிற்கும் மின் நிலையம், பற்றரியால் ஓட்ட முடியாத கப்பலுக்கும் விமானத்துக்கும் எரிபொருள், பசளை, இரும்பு, சீமெந்து எல்லாம் அதற்குள் வரும். மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்கதாக்குவது என்பது நாடு 2030 க்கு வைத்திருக்கும் இலக்கு. அதுவரை போவது ஒப்பீட்டளவில் மலிவு. கடைசிப் பத்துச் சதவீதத்தில்தான் காசு கரையும். இறக்குமதி பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்தக் கடைசித் துண்டைப் பற்றியது.

இப்போது நீங்கள் குறிப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு. மின்சாரம், வெப்பம், போக்குவரத்து, தொழிற்சாலை எல்லாவற்றையும் ஒரே கணினி மாதிரியில் போட்டு, வெளியிலிருந்து பசுமை எரிசக்தி வர அனுமதித்தால் என்ன நடக்கும் என்று பார்த்தார்கள். மொத்தச் செலவு 1 முதல் 10 சதவீதம் வரை குறைந்தது. இறக்குமதி விலையை 20 சதவீதம் கூட்டியும் குறைத்தும் பார்த்தபோது வந்த வீச்சு அது. அதாவது விலை ஐந்தில் ஒரு பங்கு ஏறினாலே பெரிய சேமிப்பு ஒரு சதவீதத்துக்குச் சுருங்கிவிடுகிறது. கப்பல் கூலி, வட்டி, நாணயப் பெறுமதி மூன்றும் சேர்ந்தால் 20 சதவீதம் என்பது ஒரு வருடத்திலேயே நடந்துவிடக் கூடியது. 2022 ஐப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு விஷயங்கள். முதலாவது, வாங்க வாங்க நன்மை குறைந்துகொண்டே போகிறது. முதலில் வாங்குவது உள்நாட்டின் மிக மோசமான இடங்களை விலக்குகிறது: காற்று குறைந்த மலை, கம்பி இழுக்கத் தூரமான நிலம், மக்கள் எதிர்க்கும் கரை. அவை போனபின் வாங்குவதெல்லாம் நல்ல இடத்தில் மலிவாகச் செய்யக் கூடிய உற்பத்தியை விலக்குகிறது, அதில் மிச்சம் இல்லை. இரண்டாவது, எல்லாவற்றையும் வாங்கிவிடாமல் ஐதரசன், அதிலிருந்து செய்யும் திரவ எரிபொருளான மெதனோல் ஆகியவற்றின் உற்பத்தியில் ஒரு பகுதியை உள்நாட்டிலேயே வைத்திருப்பது மலிவாக வருகிறது. காரணம், அந்த ஆலைகள்தான் மிஞ்சும் காற்றையும் வெயிலையும் சாப்பிடுகின்றன. மின்சாரம் பெருகும்போது ஓடும், தட்டுப்படும்போது நிற்கும். அவற்றை மூடிவிட்டு முழுவதையும் வாங்கினால், மிஞ்சுகிற கரண்டை எடுக்க ஆள் இல்லாமல் போய்விடும். ஐரோப்பாவில் அந்த ஆலைகளின் கழிவு வெப்பத்தைக் குழாய் வழியாகக் கொண்டுபோய் வீடுகளைச் சூடாக்கலாம், அதனால் இன்னும் கொஞ்சம் இலாபம். நமக்கு அந்த இலாபம் கிடையாது, கணக்கில் மறக்காமல் வெட்டிவிடுங்கள்.

சரி, எந்த வடிவில் வாங்குவது? ஐதரசனை எடுப்போம். நீரைப் பிரித்து ஒரு கிலோ எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் போகும். அந்தக் கிலோவுக்குள் இருப்பது 33 யூனிட். கப்பலில் ஏற்றுவதற்கு −253 பாகை வரை குளிர்விக்க இன்னும் பத்து யூனிட்டளவு. இங்கே இறக்கி மறுபடி மின்சாரமாக்கினால் 15 முதல் 20 யூனிட் மிஞ்சும். அறுபது யூனிட்டுக்கு மேல் போட்டு இருபதுக்குள் எடுக்கிறோம். குழாய் போட்டுக் கொண்டுவர முடிந்தால் ஐதரசன் வேறு கதை, வட ஆபிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு அப்படி யோசிக்கிறார்கள். நம்மைப் போன்ற தீவுக்கு அது இல்லை.

அமோனியா −33 பாகையிலேயே திரவமாகிவிடும், கப்பலில் கொண்டுபோய்ப் பழகிய பொருள். இதற்கு உண்மையான சந்தை விலை ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் ஆதரவில் 2024 இல் முடிந்த ஏலத்தில், எகிப்திலிருந்து பசுமை அமோனியா வாங்க உடன்பாடானது. ஐரோப்பாவில் வந்து இறங்கும் விலை தொன் 1,000 யூரோ, அதில் உற்பத்தி விலை 811 யூரோ. ஒரு தொன் அமோனியாவில் சுமார் 5,170 யூனிட் எரிசக்தி இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் யூனிட் 19 யூரோ சதம். அதை எரித்து மின்சாரமாக்கும்போது நூற்றுக்கு நாற்பது தேறும் என்று வைத்தால், எரிபொருளுக்கு மட்டும் யூனிட் 48 சதம். மன்னாரில் 2025 இல் உடன்பாடான 50 மெகாவாட் காற்றாலையின் விலை யூனிட் 4.65 அமெரிக்கச் சதம். நாணயம் வேறு என்றாலும் பத்து மடங்கு வித்தியாசத்தை அது மறைக்காது. பசுமை அமோனியாவை வாங்கி எரித்து நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கலாம் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் கேளுங்கள்.

ஆனால் அதே அமோனியா பசளையாக வந்தால் கணக்குத் தலைகீழாக மாறும். நம் பகுதியில் இதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை. எரிசக்தி என்றால் மின்சாரமும் பெற்றோலும் என்று நிறுத்திவிடுகிறோம். யூரியாவும் எரிசக்திதான். ஒரு தொன் யூரியா செய்ய ஏறத்தாழ 0.57 தொன் அமோனியா வேண்டும். பசுமை வழியில் ஒரு தொன் அமோனியாவுக்குச் சுமார் 10,000 யூனிட் மின்சாரம் போகும். அப்படியானால் 50 கிலோ யூரியா மூடை ஒன்றுக்குள் 280 யூனிட்டுக்கு மேல் இருக்கிறது. சிக்கனமாகக் கரண்ட் பாவிக்கும் ஒரு வீட்டின் மூன்று மாத மின்சாரம் அது. சம்மாந்துறை, அக்கரைப்பற்று, படுவான்கரை வயல் வட்டைகளுக்கு ஒரு போகத்தில் இறங்கும் மூடைகளை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் அம்பாறை, மட்டக்களப்பு என்ற நம் இரண்டு மாவட்டங்களும் எவ்வளவு எரிசக்தியை வெளிநாட்டிலிருந்து வாங்குகின்றன என்பது அப்போது விளங்கும். இன்று அந்த யூரியா பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. நிகர பூச்சியம் என்ற கணக்கில் இதுவும் ஒரு நாள் பசுமையாக வேண்டும்.

இதைப் பசுமையாக வாங்குவதால் உள்நாட்டில் நாம் எதையும் இழப்பதில்லை. மூடையாகவே வருகிறது, மூடையாகவே வயலுக்குப் போகிறது. மறுபடி மின்சாரமாக்கும் நட்டம் இல்லை, புதிய துறைமுகம் வேண்டாம், குளிர்ப்படுத்திய தாங்கி வேண்டாம். வெயிலும் காற்றும் நன்றாக இருந்து, வட்டியும் குறைந்த ஒரு நாடு அதை நம்மை விட மலிவாகச் செய்யுமென்றால் வாங்குவதுதான் புத்தி. இரும்பும் அப்படித்தான். ஒரு தொன் இரும்பைத் தாதுவிலிருந்து பிரிக்க 50 கிலோவுக்கு மேல் ஐதரசன் வேண்டும். அந்த ஐதரசனைக் கப்பலேற்றுவதை விட, தாது இருக்கும் நாட்டிலேயே இரும்பாக்கி அனுப்புவது எவ்வளவோ லேசு. ஐரோப்பிய ஆய்விலும் மெதனோலும் எஃகும் இறக்குமதிப் பட்டியலில் முன்னுக்கு வந்ததற்கு இதுதான் காரணம்: எரிசக்தியாகக் கொண்டுவராமல், எரிசக்தியை விழுங்கிய பொருளாகக் கொண்டுவருகிறார்கள்.

யூரியாவில் இன்னொரு பக்கமும் உண்டு. அமோனியாவை யூரியாவாக்கக் காபனீரொட்சைட்டு வேண்டும், தொன்னுக்கு 0.73 தொன் அளவில். நிகர பூச்சிய உலகில் அதை நிலக்கரிப் புகையிலிருந்து எடுக்க முடியாது, தாவரத்திலிருந்து வர வேண்டும். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. நான்கு தொன் நெல் விளையும் ஒரு ஹெக்டயரில் 800 கிலோ உமி, அதை எரித்தால் ஒரு தொன் அளவுக்குக் காபனீரொட்சைட்டு. அதே ஹெக்டயருக்குப் போடும் யூரியாவுக்கு வேண்டியது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே அமோனியாவை வாங்கி, உமி எரிக்கும் ஆலையின் புகையோடு சேர்த்து இங்கேயே யூரியா செய்வது இரசாயனக் கணக்கில் சரியாக வரும். பணக் கணக்கில் இன்றைக்கு வராது, சிறிய ஆலைகளுக்கு இந்தத் தொழில் ஒத்துவருவதில்லை. ஆனால் உங்கள் கட்டுரையில் ஒரு தெரிவாக அதைப் போடுங்கள் தம்பி. உள்ளூரில் காபன் கிடைக்கும் இடம் எது என்ற கேள்வி வருங்காலத்தில் பெரிதாகும், அதில் அம்பாறை மாவட்டம் பின்தங்கிய இடம் கிடையாது.

இறக்குமதி என்றதும் பயப்படுகிறவர்கள் 2021 ஐச் சொல்வார்கள். அந்த வருடம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தி, நவம்பரில் திரும்ப அனுமதித்தார்கள். இடையில் பெரும்போகம் என்ன பாடுபட்டது என்பதை வயற்சொந்தக்காரரான நம் போடிமாரிடம் கேட்டால் தெரியும். அது இறக்குமதியில் தங்கியிருந்ததன் விளைவு என்று சிலர் வாதிடுவார்கள். நான் அதை மாற்று ஏற்பாடு இல்லாமல் கதவை மூடியதன் விளைவு என்றே பார்க்கிறேன். 2022 இல் நடந்தது அதை விட இந்த விஷயத்துக்கு நெருக்கமானது. டொலர் இல்லை, எண்ணெய் இல்லை, மார்ச் 31 அன்று 13 மணி நேர மின்வெட்டு. நிறம் பசுமையோ கறுப்போ, டொலரில் மாதாமாதம் கட்ட வேண்டியதாக இருந்தால் அந்த ஆபத்து இருக்கும்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எண்ணெயின் விலை போர் வந்தால் ஏறும், உற்பத்தி நாடுகள் கூடிப் பேசினால் ஏறும். பசுமை அமோனியாவின் செலவில் பெரும்பகுதி ஆலையைக் கட்டும்போதே முடிந்துவிடுகிறது. அதனால் பல வருடத்துக்கு நிலையான விலையில் ஒப்பந்தம் போட முடிகிறது, எகிப்து ஒப்பந்தம் 2033 வரை போகிறது. விலை தெரிந்திருப்பது நல்லது. கெட்ட பக்கம், அவ்வளவு காலமும் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டுப்பாடு. இடையில் உலக விலை பாதியாகக் குறைந்தாலும் பழைய விலையைக் கட்டிக்கொண்டிருப்போம்.

இதோடு சேர்ந்தது வட்டி. என் கணிப்பில் இந்த விவாதம் முழுவதிலும் வெயிலை விட, காற்றை விட வட்டிக்குத்தான் கனம் அதிகம். ஒரு மெகாவாட் சோலார் 7 இலட்சம் டொலர் என்றும், வருடத்துக்கு 15 இலட்சம் யூனிட் தரும் என்றும், 25 வருடம் ஓடும் என்றும் வைத்துக்கொள்வோம். 5 சதவீத வட்டியில் யூனிட் 3.3 சதம். 15 சதவீத வட்டியில் 7.2 சதம். தட்டும் அதே, வெயிலும் அதே. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாட்டுக்கு யாரும் 5 சதவீதத்தில் கடன் தரமாட்டார்கள். அதனால் மாதிரியில் இறக்குமதி மலிவாகத் தெரிந்தால், அது உண்மையில் அந்த நாட்டின் வெயில் மலிவா, பணம் மலிவா என்று பிரித்துப் பாருங்கள். பணம்தான் என்றால் அதற்கு மருந்து கப்பலில் வராது. குறைந்த வட்டிக் கடனும் உத்தரவாதமும் கிடைத்தால் உள்நாட்டு உற்பத்தியே வென்றுவிடும்.

உள்நாட்டு உற்பத்தி என்று சொல்வதிலும் ஒரு திருத்தம் வேண்டும். தட்டு, இன்வேர்ட்டர், பற்றரி எல்லாம் வெளியிலிருந்துதான் வருகின்றன, பெரும்பாலும் சீனாவிலிருந்து. அதுவும் எரிசக்தி இறக்குமதிதான், ஒரு தடவை டொலர் கொடுத்து 25 வருடத்துக்கு எடுக்கிறோம். எரிபொருளாக வாங்கினால் ஒவ்வொரு வருடமும் கொடுக்கிறோம். 2022 போல ஒரு வருடம் திரும்ப வந்தால், முதல் வகை இறக்குமதி கூரையில் இருந்து ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பாதுகாப்பை மொத்தச் செலவு என்ற ஒற்றை எண் காட்டாது.

இனிக் கேபிள். இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கும் நேர் மின்னோட்டக் கம்பி பற்றிப் பல பத்தாண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது அதற்கு மறுபடி ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. மதுரைப் பக்கத்திலிருந்து மன்னார் வழியாக அனுராதபுரம் பக்கம் வருவது, முதலில் 500 மெகாவாட், பிறகு 1,000 என்பது நீண்டகாலமாகப் பேசப்படும் வடிவம். தூரம் குறைவு, இழப்பும் குறைவு. யூனிட்டுக்கு யூனிட் பார்த்தால் எந்தக் கப்பலும் இதற்குக் கிட்ட வராது.

ஆனால் பக்கத்து வீட்டு வெயில் நம் வெயில் மறையும்போதே மறைகிறது. தமிழ்நாட்டுக்கும் நமக்கும் சூரியன் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் விழுகிறது. காற்றும் அப்படி. தென்மேற்குப் பருவத்தில் மன்னார்க் காற்றாலைகள் சுழலும்போது தமிழ்நாட்டின் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளும் சுழலும். நமக்கு மிஞ்சும்போது அவர்களுக்கும் மிஞ்சும், நமக்குத் தட்டும்போது அவர்களுக்கும் தட்டும். கேபிளின் பெறுமதி தமிழ்நாட்டில் இல்லை, அதற்கு அப்பால் இந்தியா என்ற பெரிய கட்டமைப்பில் இருக்கிறது. கச்சு வளைகுடாப் பக்கம் நம்மை விட முக்கால் மணி, ஒரு மணி நேரம் பிந்திச் சூரியன் மறையும், வடக்கே இமயமலை நீர்மின்சாரம் இருக்கிறது. பூட்டான் இந்தியாவுக்கு விற்கிறது. 2024 நவம்பரில் நேபாளத்தின் மின்சாரம் 40 மெகாவாட் இந்தியா வழியாக வங்காளதேசம் போனது. அப்படி ஒரு வழி நமக்கும் திறந்தால் கேபிள் உண்மையிலேயே உதவும். இரவு 7 மணிக்கு அந்தக் கம்பியில் வருவது நிலக்கரி மின்சாரம் என்றால், சான்றிதழ் பசுமை என்று சொன்னாலும் கணக்குப் பசுமை ஆகாது. எந்த மணிக்கு எங்கிருந்து வந்தது என்று மணிக்கணக்கில் பொருத்திப் பார்க்கும் ஒப்பந்தம் வேண்டும்.

கேபிளுக்கு இன்னொரு மறைசெலவு உண்டு. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் ஒவ்வொரு அலகும் 300 மெகாவாட், அதில் ஒன்று திடீரென்று விழுந்தாலே நாடு ஆடுகிறது. 500 மெகாவாட் கம்பி ஒரு விடுமுறை மதியத்தில் அறுந்தால் அதைத் தாங்கப் பற்றரியோ ஓடிக்கொண்டிருக்கும் நிலையமோ தயாராக நிற்க வேண்டும். அந்தச் செலவும் கேபிளின் விலையோடு சேர வேண்டும். கடன் விஷயமும் இருக்கிறது: நிலுவைத் தொகைக்காக 2024 இன் கடைசியில் வங்காளதேசத்துக்கு ஜார்க்கண்ட் நிலக்கரி நிலையம் ஒன்றிலிருந்து வந்த மின்சாரம் பாதியாகக் குறைக்கப்பட்டது. எல்லாவற்றையும் பார்த்தபின்பும் நான் கேபிளுக்கு ஆதரவு. எடுக்கவும் அனுப்பவும் முடிகிற, நம் தேவையில் சிறு பங்கான இணைப்பாக இருக்க வேண்டும். கேபிளை நம்பி உள்நாட்டில் கட்டாமல் விடுவது வேறு விஷயம், அதற்கு ஆதரவு இல்லை.

கிழக்குக் கரைக்கு என்று தனியாக ஒரு பிரச்சினை இருக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சோலார் இங்கே அள்ளித் தரும். கார்த்திகை, மார்கழி, தையில் வாடைக் காற்றோடு மழை பிடித்தால் நாள்கணக்கில் வானம் திறக்காது. பற்றரி மாலையைத் தாண்ட வைக்கும், அதன் விலையும் நன்றாக இறங்கிவிட்டது. 2024 இல் உலகச் சராசரி ஒரு கிலோவாட் மணி (ஒரு யூனிட்) கொள்ளளவுக்கு 115 டொலர். ஆனால் இரண்டு கிழமை மழையைப் பற்றரியால் தாண்ட முடியாது. நம் நாட்டுக்கு மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் இருப்பது இதில் பெரிய கொடை, பகலில் சோலாரை ஓடவிட்டு நீரைப் பிடித்து வைக்கலாம். எல்லா நீரும் நம் விருப்பத்துக்கு ஓடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சேனாநாயக்க சமுத்திரத்தில் இங்கினியாகலை நிலையம் 11 மெகாவாட் தரும், வயலுக்கு நீர் திறக்கும்போதுதான் அது ஓடும். வயலை விட்டுவிட்டு மின்சாரத்துக்காகக் குளத்தைத் திறக்கச் சொல்ல யாராலும் முடியாது, சொல்லவும் கூடாது.

அந்த மழைக் கிழமைகளுக்குத்தான் வாங்கிய எரிபொருள் பொருத்தம். மெதனோல் சாதாரண வெப்பத்தில் திரவமாகவே இருக்கும், தாங்கியில் மாதக்கணக்கில் கிடக்கும். விலை அதிகம்தான், ஆனால் எவ்வளவு எரிக்கிறோம் என்பதைப் பாருங்கள். கணக்குக்கு, மேலே அமோனியாவுக்குச் சொன்ன 48 யூரோ சத விலையையே எடுப்போம். வருடத் தேவையில் 2 சதவீதத்தை மட்டும் அதில் ஓட்டினால், எல்லா யூனிட்டுக்கும் பகிரும்போது ஒரு சதம் கூடும். 30 சதவீதத்தை ஓட்டினால் 14 சதத்துக்கு மேல் கூடும். ஒரே பொருள், ஒரே விலை. முதலாவது நல்ல காப்புறுதி, இரண்டாவது நாட்டை மூழ்கடிக்கும்.

மிஞ்சும் பகல் மின்சாரத்தை இங்கேயே எடுக்கும் வழிகளுக்கு வருவோம், ஏனென்றால் இறக்குமதியைச் சிறிதாக வைத்திருக்க உதவுவது அதுதான். ஐதரசன் ஆலை வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வாழைச்சேனைத் துறைமுகத்துக்கும் கல்முனைக் கரைக்கும் வேண்டிய ஐசை மதியத்தில் உறைய வைத்தால், அது பற்றரி இல்லாத சேமிப்பு. அறுவடைக்குப் பின் நெல் உலர்த்தல், அரிசி மில், குழாய்க்கிணற்று மோட்டர், குளிர் அறை எல்லாம் பகலுக்கு நகரக் கூடியவை. அதற்குப் பகல் யூனிட்டை மலிவாகவும் மாலை யூனிட்டை விலையாகவும் வைக்கும் கட்டணம் சிறு மில்காரருக்கும் வாடிக்காரருக்கும் கிடைக்க வேண்டும். இன்று மதியம் ஐஸ் போட்டாலும் இரவு போட்டாலும் ஒரே பில் என்றால் அவர் ஏன் வேலை நேரத்தை மாற்றப் போகிறார்?

நிலத்தைப் பற்றியும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இறக்குமதியின் நன்மைகளில் ஒன்றாக, உள்நாட்டில் காற்றாலைக்கும் சோலாருக்கும் கம்பிக்கும் பிடிக்கும் இடம் குறையும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஐரோப்பாவில் அது காட்சி கெடுகிறது என்ற முறைப்பாடாக இருக்கலாம். மயிலத்தமடு, மாதவணையில் மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் தெருவில் இருந்து போராடிய மாவட்டத்தில் அது வாழ்வாதாரம். நூறு மெகாவாட் சோலாருக்கு 100 ஹெக்டயருக்கு மேல் போகும். கூரை, மில் வளவு, களஞ்சியம், பாடசாலை, பள்ளிவாசல், கோயில் மண்டபம் இவற்றின் மேல் முதலில் போட்டு முடித்தபின் நிலத்தைக் கேட்பதுதான் முறை. அதில் யூனிட்டுக்கு ஒரு சதம் கூடினாலும் நான் கூரைக்கே வாக்களிப்பேன்.

"அப்போ என் பில் குறையுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். மொத்தச் செலவில் 5 சதவீதம் குறைந்தாலும் வீட்டு பில்லில் 5 சதவீதம் குறையும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. சேமிப்பின் பெரும்பகுதி பசளை, இரும்பு, கப்பல் எரிபொருள் வழியாக வருகிறது, அது அரிசி விலையிலும் சீமெந்துக் கல் வீட்டின் கம்பி விலையிலும் கலந்துவிடும். பில் என்பது வட்டியும், பழைய கடனும், கட்டண அமைப்பும் சேர்ந்த விஷயம்.

உங்கள் மாதிரிக்கு வருகிறேன். திறந்த மூல மென்பொருள்கள் நல்லவை இருக்கின்றன, ஐரோப்பிய ஆய்வில் பாவித்த மாதிரியும் திறந்ததுதான். வருடச் சராசரியில் ஓட்டாதீர்கள், அரை மணி அல்லது ஒரு மணி இடைவெளியில் ஒரு முழு வருடத்தை, மார்கழி மழையோடு சேர்த்து ஓட்டுங்கள். முதலில் எந்த இறக்குமதியும் இல்லாமல் ஓட்டி ஒரு செலவு எடுங்கள். அடுத்து யூரியாவும் இரும்பும் மட்டும் வெளியிலிருந்து. அதற்கு அடுத்து கேபிள், அது அறுந்தால் தாங்கும் ஏற்பாட்டோடு. கடைசியாக மெதனோல் தாங்கி. ஒவ்வொரு படியையும் 6, 10, 14 சதவீத வட்டியில் திரும்ப ஓட்டுங்கள். என் ஊகம், யூரியாப் படியில் பெரிய இறக்கமும் கேபிள் படியில் நடுத்தரமும் அதற்குப் பிறகு மிகச் சிறியதும் வரும். வட்டி 6 இல் நிற்கும் ஓட்டத்தில் இறக்குமதியின் பங்கு வெகுவாகச் சுருங்கும் என்றும் நினைக்கிறேன். எண்கள் வேறு மாதிரி வந்தால் அனுப்பிவையுங்கள், எந்த இடத்தில் பிரிகிறது என்று சேர்ந்து தேடுவோம்.